இசைத்தட்டில் ஏறாத பத்தொன்பது பாட்டுகள்

போன மாதம் ரொறொன்ரோ மில்லிக்கனில் நடந்த அறுபதாம் கலியாணத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். சாப்பாடு முடிந்து கதிரைகளை ஒதுக்கும் நேரம் நம்மில் ஒருவர் கையைத் தட்டி, சின்னம்மாவின் ஊஞ்சல் பாட்டைத் தொடங்கிவிட்டார். நாலு வரி ஒன்றாகப் பாடினோம். ஐந்தாவது வரியில் ஆளுக்கொரு திசையில் போனோம். அங்கே நின்ற மருமகப்பிள்ளை ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்து, "இது எந்த அல்பத்தில இருக்கு அன்ரி? நான் தேடிப் பாக்கிறன்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டேன்.

எந்த அல்பத்திலும் இல்லை. சின்னம்மா பத்தொன்பது பாட்டுகள் கட்டினாள். பத்தொன்பதும் இந்த நகரத்து மேடைகளில் பாடப்பட்டவை. தேவாலய நிலவறைகளில், பள்ளிக்கூட மண்டபங்களில் பாடினாள்; ஒருமுறை குளிரில் ஹீற்றர் வேலைசெய்யாத ஒரு வாடகை ஹோலில் சனம் கோட்டோடு இருந்து கேட்டது. ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய தட்டோ, கசற்றோ, சீடியோ ஒன்றுகூட வந்ததில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வீர்கள். நான் பதினொரு வயதில் செய்த ஒரு காரியமும் அந்தக் காரணங்களில் சேரும். அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தெருவில் தமிழ் கேட்டால் நின்று திரும்பிப் பார்த்து, பெயர் கேட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து சோறு போட்ட காலம். ஏழாவது மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா. சின்னம்மா ஒரு மின்குமிழ்த் தொழிற்சாலையில் குமிழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பிழை பார்க்கிற வேலை செய்தாள். வாயால் பேச முடியாத இரைச்சல். அதனால் நாள் முழுக்க மனதுக்குள் பாட்டுக் கட்டுவாள். பஸ்ஸில் வரும்போது, வண்டி மாறத் தருகிற டிரான்ஸ்ஃபர் துண்டின் பின்பக்கத்தில் சொற்களைக் குறித்துக்கொள்வாள்.

மெட்டை எழுதுவது கிடையாது. அதைப் பழகுகிற இடம் எங்கள் கட்டடத்து நிலவறையில் இருந்த உடுப்புத் தோய்க்கிற அறை. உலர்த்துகிற மெஷினுக்குள் சட்டைப் பொத்தான்கள் தட்டுப்படும் சத்தம் அவளுக்குத் தாளம். சவர்க்காரத் தூளின் மணம், சூடான பஞ்சு மணம், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுழலும், அப்பா இடுப்பில் கட்டும் நீலச் சாரம், நடுவில் சின்னம்மாவின் குரல். "சமர்த்தான மெஷின் பிள்ளை இது. ஒரு மாத்திரையும் பிசகாது" என்பாள். அப்படிப் பிறந்ததுதான் உங்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கிற அந்தப் பாட்டு:

*சன்னலிலே எழுதினேன் உன் பேரை*
*சூடு வந்து அழித்ததடி தோழி*

பனி பிடித்த கண்ணாடியில் விரலால் பெயர் எழுதிப் பார்த்த எவருக்கும் அது விளங்கும். முதல்முறை பாடியபோது ஹோலில் இருந்த மாணவப் பெடியன்கள் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சொன்னாள், "எல்லாருக்கும் ஒரே நேரத்தில லேஸ் அவிண்டிட்டுது போல."

அந்த ஹோலில் சின்னம்மாவுக்கு மிருதங்கம் வாசித்தவரை நான் மதராஸ் அங்கிள் என்பேன். இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை. தமிழ்நாட்டுக்காரர். எங்கள் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு முதல் ஆறு மாதம் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு "ஓம்" சொல்லப் பழகிக்கொண்டார். ஒருநாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "என் மச்சினன் மதராஸ்ல ரெக்கார்ட் கம்பெனியில இருக்கான். பாட்டுத் தேர்வு பண்றதே அவன்தான். நல்லதா ஒரு டேப் அனுப்புங்க. மே மாசத்துக்குள்ள வந்தா தீபாவளித் தட்டுல போடலாம்னு எழுதியிருக்கான்."

சின்னம்மா கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. "ஆர் பாடுறது?" என்றாள்.

"நீங்கதான். வேற யாரு?"

அன்றிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். ஐஸ் தண்ணீர் குடிக்கமாட்டாள். குளிரில் வாய் திறக்கமாட்டாள். வெளியே போனால் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துக் கட்டி, கேட்டதற்குக் கையால் பதில் சொல்வாள். "இதொண்டு சரிவந்தால் காணும் அக்கா. அதுக்குப் பிறகு எத்தினை வருசமும் குமிழ் பாப்பன்" என்று அம்மாவிடம் அவள் சொன்னதை நான் கேட்டேன். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து. கேட்டு வந்த கலியாணங்களைத் தள்ளிவிட்டு வந்தவள். ஊரில் அவள் பாட்டை யாரும் பாட்டென்று எண்ணவில்லை. இந்த நாட்டில் சனம் எண்ணியது. அதைத் தட்டில் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் தனக்கென்று கேட்டது.

பதிவு செய்கிற பொறுப்பு அப்பாவுடையது. அப்பா ஊரில் குளமும் வாய்க்காலும் கட்டிய நீர்ப்பாசன எஞ்சினியர். இங்கே வேறு யாரோ கட்டும் கட்டடங்களுக்குக் கோடு கீறினார். ஊரிலிருந்து கப்பலில் வந்த சாமான்களில் அவர் கண்போலப் பார்த்தது ஒரு ரேப் ரெக்கோடர். சாம்பல் நிறம், இரண்டு பெரிய சுருள்கள், சூடானதும் தூசி கருகும் மணம். இந்த நாட்டு மின்சாரத்துக்கு அது ஓடாது என்று எல்லோரும் சொல்ல, செங்கல்போலக் கனத்த ஒரு டிரான்ஸ்ஃபோமர் வாங்கி வந்து ஓடவைத்தார். "வோல்ட்டேஜ் எண்டது தண்ணி அமுக்கம் மாதிரி. அளவாத் திறந்துவிட்டால் வாய்க்கால் உடையாது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். இந்த நாட்டில் அவரை எஞ்சினியர் என்று ஒப்புக்கொண்டது அந்த மெஷின் மட்டும்தான்.

ஊரில் பதிந்த நாடா ஒன்று எங்களிடம் இருந்தது: அவருடைய கலியாண நாதஸ்வரம். ரொறொன்ரோவில் போட்டபோது அது ஏனோ துள்ளி ஓடியது. நாதஸ்வரம் கீச்சிட்டது. அப்பா கொஞ்சம் யோசித்து, "குளிருக்கு நாடா சுருங்கிப்போச்சு" என்றார். சின்னம்மா சிரித்தாள். "இல்லை அத்தான், தவில்காரருக்குப் பந்தி முடியப்போகுதெண்டு அவசரம்." எல்லோரும் சிரித்தோம். அதோடு விட்டோம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதிவு நடந்தது. சன்னலுக்குக் கம்பளி கட்டினோம். பிரிட்ஜ் இரையும் என்று அப்பா பிளக்கைக் கழற்றினார். மீன் பழுதாகப்போகிறது என்று அம்மா முணுமுணுத்தாள். இரண்டு கதிரைகளுக்கு மேல் வீடு கூட்டும் தும்புத்தடியை வைத்து அதில் மைக்கைத் தொங்கவிட்டார்கள். லிப்ட் எங்கள் மாடியில் நின்றால் 'டங்' என்று மணி அடிக்கும். அம்மா ஆறாவது மாடியில் போய் நின்று, தெரிந்த இங்கிலீசில், வருகிறவர்களை அங்கேயே இறங்கி நடக்கச் சொன்னாள். எனக்கு இருமல். அதனால் என்னைக் கோட்டு அலுமாரிக்குள் வைத்துச் சாத்தினார்கள். இருட்டில், நனைந்த கம்பளி மணத்தில், வாயில் சால்வையைத் திணித்துக்கொண்டு அனுப்பப்போகும் ஆறு பாட்டையும் கேட்டேன். சின்னம்மா ஐந்து கட்டைச் சுருதியில் பாடினாள். ஐந்தாவது பாட்டில் தீயணைப்பு வண்டி ஊளையிட்டுப் போனது. அப்பா கையைத் தூக்க, முதலிலிருந்து பாடினாள். கதவைத் திறந்தபோது எல்லோரும் வேர்த்திருந்தார்கள். போட்டுக் கேட்டோம். கண்ணாடிபோல இருந்தது. மதராஸ் அங்கிள், "இதை மச்சினன் கேட்டான்னா நேரே பிளேன் ஏறி வந்துடுவான்" என்றார்.

நாடா ஒன்றுதான். பிரதி எடுக்க இன்னொரு மெஷின் இல்லை. அடுத்த சனிக்கிழமை தபாலில் போடுவதாக ஏற்பாடு. அதுவரை அது அலுமாரி உச்சியில் இருந்தது.

அந்த வியாழக்கிழமை வகுப்பில் ஆளுக்கொரு இசை கொண்டுவரவேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். கதிரையில் ஏறி நாடாவை எடுத்துப் புத்தகப் பைக்குள் வைத்தேன். கேட்டால் தரமாட்டார்கள் என்று தெரியும். என் சின்னம்மாவைக் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூட மெஷினில் ரீச்சர் சுருளை மாட்டினார். முதலில் மிருதங்கம். யாரோ ஈரத் தலையணையை அடிப்பதுபோல. பிறகு ஒரு ஆண் பாடத் தொடங்கினான். களைத்த, கனத்த குரல். சொல் எல்லாம் சின்னம்மாவின் சொல். இழுபட்டு, இழுபட்டு, முடிகிறதில்லை.

"உன் அப்பாவா? எவ்வளவு ஆழமான குரல்!" என்றார் ரீச்சர்.

"சின்னம்மா" என்றேன்.

பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "அவள் மீசையை எப்போது மழிப்பாள்?" வகுப்பே மேசையில் தட்டிச் சிரித்தது.

பையின் சூடு பட்டோ, நான் ஓடியபோது குலுங்கியோ நாடா பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அலுமாரி உச்சியில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். அன்று மாலை அப்பா, "அனுப்ப முந்தி ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்று அதை எடுத்தார். நான் வெளியே வந்து நின்றேன். சுருள் சுழன்றது.

சின்னம்மாவின் குரல். கண்ணாடிபோல. ஒரு கீறல் இல்லை.

அப்பாடா என்று இருந்தது. பள்ளிக்கூட மெஷின்தான் பழுது! அப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். ஆனாலும் அடுத்த நாள் முழுக்க அந்த ஆண்குரல் காதை விட்டுப் போகவில்லை. ரீச்சர் அதே மெஷினில் மற்றப் பிள்ளைகளின் நாடாக்களையும் போட்டார். அவை ஒழுங்காகப் பாடியதை நான் கேட்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் நாடாவை எடுத்ததைச் சொல்லவேண்டும். அப்பா அடிக்கிறவர் அல்ல, பேசாமல் விடுகிறவர். ஒருமுறை அம்மாவோடு ஒன்பது நாள் பேசவில்லை. அம்மா பக்கத்தில் நிற்க, உப்பை என்னிடம் கேட்டார். சனிக்கிழமை நாடாவை பிஸ்கட் டின்னில் வைத்து, மூடியைச் சுற்றி ஒட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் பதில் வந்தது. மதராஸ் அங்கிள் கடிதத்தை உடைக்காமல் கொண்டுவந்தார். சின்னம்மா வேலை உடுப்போடு நின்றாள். அப்பா உரக்க வாசித்தார். பாடல்கள் மிக நன்றாக உள்ளன, சொல்லும் புதிது என்று தொடங்கியது. சின்னம்மா அம்மாவின் கையைப் பிடித்தாள். அடுத்த வரியில் அப்பாவின் குரல் நின்று நின்று வந்தது: "ஆனால் பாடிய ஆண் பாடகரின் குரல் கனமாக உள்ளது. காலப் பிரமாணம் இழுபடுகிறது. ஒரு பெண் பாடகியைக் கொண்டு பாடவைத்து அனுப்பினால் பரிசீலிக்கிறோம்."

சின்னம்மா அம்மாவின் கையை விட்டாள்.

"ஆம்பிளையோ?" என்றாள் அம்மா.

"எங்கட ரேப்பை அவர் கேக்கவே இல்லை" என்றார் அப்பா. "வேற ஆற்றையோ ரேப்பைக் கேட்டுப்போட்டு எழுதியிருக்கிறார்."

"அப்படி இருக்காது சார். பாட்டு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கானே" என்றார் அங்கிள்.

"அது ஒரு மரியாதைக்கு எழுதுறது. யாழ்ப்பாணத் தமிழ் எண்டவுடன தூக்கி எறிஞ்சிருப்பினம்."

"மச்சினன் அப்படிப்பட்டவன் இல்லை சார்."

"அப்ப இவள் ஆம்பிளையோ? நீரே சொல்லும்!"

அங்கிள் தேத்தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனார். "அத்தான், பாட்டு நல்லதெண்டு எழுதியிருக்கினம். திரும்ப ஒருக்கா அனுப்புவம்" என்றாள் சின்னம்மா. "கேக்காதவனுக்கு ரெண்டாந்தரம் அனுப்புறதோ? எனக்கு மானம் இருக்கு" என்றார் அப்பா. அங்கேயே உட்கார்ந்து, மச்சினனுக்கு அல்ல, அந்தக் கொம்பனி முதலாளிக்கே எழுதினார். உங்கள் ஊழியர் நாடாவைக் கேளாமலே தீர்ப்பு எழுதுகிறவர் என்று. நாலு பக்கம். முடித்து, முத்திரையை என்னிடம் தந்து, "நக்கி ஒட்டு பிள்ளை" என்றார். நாக்கு காய்ந்திருந்தது. இரண்டுமுறை நக்கவேண்டியிருந்தது. ஒட்டினேன்.

மூன்று கிழமை போனது. சின்னம்மா உடுப்புத் தோய்க்கிற அறைக்கு வேலையாகத்தான் போவாள், பாட்டில்லை. ஒருநாள் அவளோடு படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது என்னையறியாமல் வாய் சொன்னது:

"சின்னம்மா, பள்ளிக்கூட மெஷினில அது ஆம்பிளைக் குரலாத்தான் கேட்டது."

அவள் விரிப்பை விடவில்லை. "எது?"

"உங்கட ரேப்."

"எப்ப கேட்டனீ?"

"அனுப்பினாப் பிறகு" என்றேன்.

உலர்த்துகிற மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "எந்தச் சுருதியில கேட்டது? பாடிக் காட்டு" என்றாள். அந்தக் கனத்த குரலை நான் மறக்கவே இல்லை, பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். "மூண்டு கட்டை" என்றாள். "ஐஞ்சில பாடினது மூண்டுக்கு இறங்கியிருக்கு." விரிப்பை நாலாக மடித்துக் கூடையில் வைத்தாள்.

மேலே போய், அப்பாவிடம் கலியாண நாடாவைப் போடச் சொன்னாள். நாதஸ்வரம் கீச்சிட்டு ஓடியது.

"குளிருக்குச் சுருங்கினதெண்டு சொன்னியள் அத்தான். இப்ப ஆடி வெய்யில். இப்பவும் ஓடுதே."

அப்பா சுருளை நிறுத்தினார். மெஷினைப் பிரட்டிப் பின்னாலிருந்த தகட்டைத் துடைத்து வாசித்தார். ஐம்பது சைக்கிள், அதாவது மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கவேண்டும் என்றிருந்தது. ஊர் மின்சாரம் ஐம்பது. இங்கே அறுபது. டிரான்ஸ்ஃபோமர் அமுக்கத்தை மாற்றியதே தவிர அந்த எண்ணை மாற்றவில்லை. அந்தத் துடிப்புக்கு ஏற்பச் சுழலும் மோட்டார் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவசரமாகத்தான் சுழன்றிருக்கிறது. அதில் பதிந்ததை அதிலேயே கேட்டால் சரியாக இருக்கும். வேறு எந்த மெஷினில் போட்டாலும் இழுபடும். அப்பா நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டதைப் பற்றிச் சின்னம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மதராஸ் அங்கிளின் கட்டடத்துக்கு நடந்தார். தனியாகப் போகத் தைரியம் இருக்கவில்லை போல. அங்கிள் கதவைத் திறந்தார்; "வாங்க" என்று சொல்லவில்லை. அப்பா நடைபாதையில் நின்றே ஐம்பதையும் அறுபதையும் சொன்னார். "பிழை என்னிலதான். இன்னொரு மெஷினில பதிஞ்சு அனுப்புவம். மச்சானுக்கு ஒரு வரி எழுதிவிடும்."

"மச்சினன் இப்ப அங்க இல்லை சார்" என்றார் அங்கிள். "உங்க லெட்டர் முதலாளி கைக்குப் போச்சு. சொந்தக்காரங்க டேப்புன்னா கேக்காமயே பதில் போடுவியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கார். இவனும் ரோஷக்காரன். அன்னிக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான்."

"ரேப்பாவது..."

"தெரியாது சார்." கதவைச் சாத்துமுன் நின்றார். "அது ஆம்பளக் குரல்தான்னு எனக்குச் சத்தியம் பண்ணி எழுதினான். நான் அவனை நம்பலை. உங்களைத்தான் நம்பினேன்."

வீட்டில் சின்னம்மா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "சரிவரேல்ல" என்றார் அப்பா. "ஓம் அத்தான்" என்றாள். சட்டைக் கையைத் திருப்பிப் போட்டாள்.

அதற்குப் பிறகும் அவள் பாட்டுக் கட்டினாள், மேடையில் பாடினாள், நீங்கள் கேட்டீர்கள். மிருதங்கத்துக்கு வேறொருவர் வந்தார். பதிவு செய்வோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஒருக்கா அனுப்பிப் பாத்தாச்சு" என்று ஒரே பதில். கடைசியில் யாரும் கேட்கவில்லை.

நான் அன்று சொன்ன பொய்யில் ஓட்டை இருந்தது எனக்கு உறைக்கப் பல வருடம் எடுத்தது. நாடா ஒன்றுதான். அனுப்பிய பிறகு அது கடலுக்கு அந்தப் பக்கம். நான் எதைக் கேட்டிருக்க முடியும்? விரிப்பின் மறுமுனையில் நின்றவளுக்கு அது அந்த நிமிடமே தெரிந்திருக்கவேண்டும்.

இதை எழுதத் தொடங்குமுன் மோர்னிங்சைட்டில் அவள் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போனேன். எண்பத்தாறு வயது. கால் வராது, காது பழுதில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து, அனுப்புவதற்கு முன்பே கேட்டேன், இரண்டு நாள் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"அப்ப ஏன் சின்னம்மா அண்டைக்குத் திருப்பிக் கேக்கேல்ல?"

போர்வையின் விளிம்பை விரலால் இழுத்து நேராக்கினாள்.

"கேட்டிருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய். அதுக்குப் பிறகு நான் உன்னோட ஒரே வீட்டில இருந்திருக்கேலாது."